அண்டாவுக்குள் கவிழ்த்த டிஜிட்டல் செட்

சூடேறிய தூசியின் வாசனை எங்கேயாவது மூக்கில் பட்டால் எங்கள் வீட்டுப் பழைய ஆம்பிளிஃபயர் நினைவுக்கு வரும், கூடவே இதை எழுதிவைக்க வேண்டும் என்றும் தோன்றும், தோன்றித் தோன்றியே பல வருஷம் ஓடிவிட்டது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் எழுதி என்ன ஆகப்போகிறது என்ற கூச்சம் ஒரு பக்கம், நான் ஏச வேண்டிய ஆள் என் சொந்தத் தாய்மாமா என்பது மறுபக்கம். இப்போது மாமாவும் இல்லை. நெல்லையப்பர் பாதத்தில் பாரத்தைப் போட்டுவிட்டு எழுதுகிறேன். ஏச்சில் ஒன்றும் குறைக்கப்போவதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், நான் ஐந்தாம் வகுப்பு படித்த காலம். திருநெல்வேலி டவுணில் எங்கள் வீட்டுப் பட்டாசாலையில், அதாவது முன்கூடத்தில், இருந்த செட்டை, தொழிலை விட்டுவிட்ட ஒரு மைக்செட்காரரிடமிருந்து அப்பா வாங்கியிருந்தார். தகரப் பெட்டிக்குள் இரண்டு வால்வு விளக்குகள் சிவந்து எரியும். ஸ்விட்சைப் போட்டால் உடனே பாடாது. முதலில் தூசி வாசனை, பிறகு தரையில் ஒரு 'கும்' என்ற உறுமல், அதற்கும் பிறகுதான் பாட்டு. ஸ்பீக்கர், என் நெஞ்சு உயரத்துக்குப் பலாப் பலகையில் அடித்த பெட்டி. அந்தப் பெட்டிக்கு வீட்டில் முழு உரிமை உடையவர் என் அத்தைதான்.

அத்தை அப்பாவுக்கு மூத்தவர். கல்யாணமான சில வருஷத்திலேயே கணவரை இழந்து எங்கள் வீட்டுக்கு வந்தவர். ஒரு 'விஷக்காய்ச்சல்' வந்து அத்தையின் காது இரண்டையும் கொண்டுபோய்விட்டது. நாம் பேசுவதை வாய் அசைவைப் பார்த்துப் புரிந்துகொள்வார்; அவர் பேசினால் தெருமுனை வரைக்கும் கேட்கும். ஆனால் மார்கழி பிறந்துவிட்டால் விடியுமுன்னே ஆற்றில் குறுக்குத்துறையில் குளித்து, நெற்றி நிறையத் திருநீறோடு வந்து, பலாப் பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து உள்ளங்கையை அதன் மேல் பதித்துக்கொள்வார். ஓதுவார் பாடிய கேசட்டை அப்பா போடுவார். பலகையின் அதிர்வைக் கையாலேயே வாங்கி, "மூணாவது பாட்டு வந்துட்டு" என்று சரியாகச் சொல்வார், ஓதுவாருக்கு அரைச் சொல் பின்னால் கூடவே பாடுவார். ஊரில் எல்லோரும் காதால் கேட்ட பாட்டை அத்தை கையால் கேட்டார். அவருக்கு அந்த ஒரு வழிதான் இருந்தது.

இது மாமாவுக்கும் தெரியும். அதனால்தான் எனக்கு மனசு ஆற மாட்டேன் என்கிறது.

மாமா மெட்ராஸில் ஒரு ரேடியோ கடையில் நின்றுகொண்டிருந்தார். அங்கே விற்பனைக்கு நின்றதை வைத்தே தன்னை இன்ஜினியர் என்று நினைத்துக்கொண்ட ஆள். அந்தக் கார்த்திகை மாசம் வந்தவர், பட்டாசாலையில் கால் வைத்ததும் வைக்காததுமாக, "என்ன அத்தான், இன்னுமா இந்த வென்னி அடுப்பைக் கட்டி அழுதிய? உலகமே டிஜிட்டலுக்கு மாறிட்டு. பழசைக் குடுத்தா புதுசு, மலிவா முடிச்சுத் தாரேன்" என்றார். 'டிஜிட்டல்' என்ற சொல்லை, கோயில் பட்டர் மந்திரம் சொல்வதுபோலக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அதற்கு அர்த்தம் அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. தெரியாதவர்கள் கூடின இடத்தில் தைரியமாகச் சொன்னவன் சொல்தானே எடுபடும்? மலிவு என்ற வார்த்தையில் அப்பா விழுந்தார். ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் வால்வு செட்டும் பலாப் பெட்டியும் போய், பதிலுக்கு மாமா அக்குளில் இடுக்கிக்கொண்டு வரும் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் சாமான், கழற்றி வைக்கும் இரண்டு சின்ன ஸ்பீக்கரோடு, வந்தது. முகப்பில் பச்சை எழுத்தில் மணி காட்டியது, பாடும்போது சிவப்பும் பச்சையுமாக விளக்குகள் ஏறி இறங்கின, ஆயிரக்கணக்கில் வாட்ஸ் என்று ஒரு ஸ்டிக்கர் வேறு. தெருவே கூடி வந்து பார்த்தது. ஒருவர்கூடப் பாட்டைக் கேட்கவில்லை. தேர் பார்ப்பதுபோல வாயைப் பிளந்துகொண்டு விளக்கைப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, ஜோரா இருக்கு" என்று காபியைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

மார்கழி முதல் நாள். அத்தை ஈரத்தலையோடு வந்து உட்கார்ந்து, புது ஸ்பீக்கரின் மேல் உள்ளங்கையை வைத்தார். அமுக்கி வைத்தார். கையை எடுத்து முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார்.

"ஏலே தம்பி, இன்னும் போடலியா?" என்று அப்பாவைக் கேட்டார்.

கேசட்டில் இரண்டாவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அப்பா மாமாவைத் திரும்பிப் பார்த்தார். மாமாதான் விளக்கைத் தொட்டுக் காட்டி, "மதினி, இங்கன பாருங்க. ஏறி எறங்குதுல்லா? அதான் பாட்டு" என்றார்.

அத்தை விளக்கையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்தார். "வெளக்கு பாக்கணும்னா போன மாசம் கோயில்ல கொளுத்துன சொக்கப்பனை பாத்தாச்சு தம்பி. பாட்டு எங்க?"

"ஒங்க காதுக்கு எதுல கேட்டா என்ன மதினி" என்று மாமா சிரித்தார். நல்லவேளை, அந்த நேரம் அத்தை அவர் வாயைப் பார்க்கவில்லை. அப்பாவின் காதில் விழுந்தது. "பெட்டியைக் கட்டிக்கிட்டு மத்தியான பஸ்ஸுக்குக் கெளம்பும்வே" என்றார். அப்பா மாமாவிடம் அவ்வளவு கடுமையாகப் பேசி நான் பார்த்ததில்லை.

மறுநாள் அப்பாவுக்கு ஒரு யோசனை. சுண்டல் வேகவைக்கும் பித்தளை அண்டாவைக் கழுவி, ஸ்பீக்கர் ஒன்றை அதற்குள் கவிழ்த்து, சத்தத்தைக் கூட்டிவிட்டார். உலகமே மாறிப்போன டிஜிட்டல், சுண்டல் அண்டாவுக்குள் கிடந்து சிணுங்கியது. அத்தை விளிம்பைப் பிடித்தார். முகம் மலர்ந்தது. நாங்கள் எல்லோரும் மூச்சைவிட்டோம். கொஞ்ச நேரத்தில் அவர் நெற்றி சுருங்கியது. ஓதுவார் எதைப் பாடினாலும் அண்டா தனக்குத் தெரிந்த ஒரே 'ஙொய்'யைத்தான் திருப்பிச் சொன்னது.

"எல்லாப் பாட்டும் ஒரே பாட்டா இருக்குலே" என்றார் அத்தை. அதைவிடச் சரியாக அந்தச் செட்டைப் பற்றி இன்றுவரை யாரும் சொன்னதில்லை.

அப்பா வேலைக்கு லீவு சொல்லிவிட்டு ஜங்ஷன் கடைக்கு ஓடினார். நானும் கூடப் போனேன். வால்வு செட்டைப் பிரித்துச் செம்புக் கம்பியை உருவி எடைக்குப் போட்டாயிற்று; பலாப் பெட்டி பலகையாகிப் பக்கத்துக் கறிக்கடையில் கறி வெட்டப் போய்விட்டது. எங்கள் சாமிப்பாட்டு அதிர்ந்த பலகையின் மேல் ஈ மொய்த்தது. அப்பா அதைத் தொடாமல் திரும்பினார்.

அடுத்த நாள் விடியலில் செட்டை யாரும் போடவில்லை. அப்பா பூஜை அலமாரிக்கு முன்னால் சட்டையில்லாமல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பாட்டுப் புத்தகத்தை விரித்து, அத்தையின் கையைப் பிடித்துத் தன் முதுகில் வைத்துக்கொண்டார். பிறகு பாடினார். அப்பாவுக்குத் தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு ஆட்டினாற்போன்ற குரல். கோயிலில்கூட வாயை அசைப்பாரே தவிர சத்தம் வராது. அம்மா அடுக்களையில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு மேலே எட்டி, "என்ன அண்ணாச்சி, காலங்காத்தால சண்டை?" என்றார். அப்பா நிறுத்தவில்லை. வெட்கத்தில் காது சிவந்ததே தவிர, நிறுத்தவில்லை.

அத்தை கண்ணை மூடிக்கொண்டு, அரைச் சொல் பின்னால், கூடவே பாடினார். திடீரென்று அப்பாவின் முதுகில் ஓர் அடி விழுந்தது.

"ஏலே, நாலாவதை முழுங்கிட்டு அஞ்சுக்குத் தாவுதியே! பைய படிலே, சாமி எங்கயும் ஓடிராது."

உண்மையிலேயே ஒரு பாட்டை விட்டிருந்தார். அம்மாவின் சிரிப்பு நின்றுபோயிற்று.

அதன் பிறகு அத்தை இருந்த காலம் வரை ஒவ்வொரு மார்கழியும் அப்படித்தான். டிஜிட்டல் செட் மூலையில் மணி காட்டிக்கொண்டிருந்தது. அடுத்த ஆயுத பூஜைக்கு அம்மா மற்ற சாமான்களோடு அதற்கும் பக்தியோடு சந்தனம் குழைத்துப் பூசினாள். சந்தனம் காற்றுத் துளை வழியாக உள்ளே இறங்கி, ஒரு புகையோடு அதன் கதை முடிந்தது. ஒருவரும் வருத்தப்படவில்லை. மணி பார்க்கத்தான் சுவரில் கடிகாரம் இருந்ததே.

இப்போது என் மகன் உள்ளங்கையில் அடங்கும் ஓர் ஆம்பிளிஃபயர் வாங்கி வைத்திருக்கிறான். இதுதான் அசல் டிஜிட்டலாம். மாமா கொண்டுவந்ததில் மணி காட்டுவது மட்டும்தான் டிஜிட்டல், மற்றதெல்லாம் வெறும் ஸ்டிக்கராம். பொய் சொல்லக் கூடாது, சுத்தமாகப் பாடுகிறது. உறுமல் இல்லை, தூசி வாசனை இல்லை, சூடும் இல்லை. யாரும் பார்க்காத நேரத்தில் அதன் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்திருக்கிறேன். ஒன்றும் இல்லை. அத்தை போய்விட்டார், அப்பா போய்விட்டார், பலாப் பலகை போன இடத்தைச் சொல்லிவிட்டேன்.

இதைப் படிக்கிறவர்கள் நாலு பேரிடம் சொல்லுங்கள். ஆனால் ஓர் எழுத்தையும் மாற்றாமல் சொல்லுங்கள். மாமாவுக்காக இரக்கப்பட்டு ஏச்சைக் குறைக்க வேண்டாம். முக்கியமாக, கேட்பவர்களுக்கு இனிக்கட்டும் என்று என் அப்பாவுக்கு நல்ல குரல் என்று சொல்லிவிடாதீர்கள். அவருக்குத் தகரக் குரல்தான்.