ஒரு காதில் தோடு

என் வீட்டுக்காரருக்கும் என் அண்ணனுக்கும் பகை மூண்டது சொத்துக்காக இல்லை. ஆரியர் என்று ஒரு கூட்டம் எந்தக் காலத்திலோ வடக்கே கணவாய் வழியாக வந்ததா, வரவில்லையா என்பதற்காக. சொன்னால் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

வீட்டுக்காரர் புதுக்கோட்டையில் ஹைஸ்கூல் சரித்திர வாத்தியார். சமஸ்தானத்துச் சம்பளம் என்பதால் கதர் கட்ட அவருக்குப் பயம். வாசலுக்குள் கதர், வாசலைத் தாண்டினால் மில் வேட்டி. தேசபக்தியை அப்படி அடக்கி அடக்கி வைத்ததாலோ என்னவோ, அது முழுவதும் பழங்காலத்தின் மேல் போய் இறங்கிவிட்டது. இமயத்திலிருந்து குமரிவரை ஆதிமுதல் ஒரே ஜனம், யாரும் வெளியிலிருந்து வரவில்லை, வந்தார்கள் என்பது நம்மைப் பிரித்து ஆள வெள்ளைக்காரன் கட்டிவிட்ட கதை என்பார். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அதையேதான் சொல்லுவார்.

அண்ணன் அன்னவாசல் பக்கத்தில் விவசாயம். திருச்சியில் காலேஜில் பாதி படித்து நின்றவர். சாமி இல்லை, சடங்கு இல்லை, தமிழன்தான் இந்த மண்ணுக்கு முதல் ஆள், அவன் செழிப்பாக இருந்தான், வடக்கேயிருந்து வந்தவன் கெடுத்தான் என்பார். அப்பா, அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டதால், எனக்குப் பிறந்த வீடு என்றால் அது அண்ணன்தான். கல்யாணம் செய்து வைத்தது, தலைப்பிரசவம் பார்த்தது எல்லாம் அவரும் அண்ணியும்தான்.

ஆரம்பத்தில் இந்தப் பேச்சு இருவருக்கும் விளையாட்டாகத்தான் இருந்தது. வீட்டுக்காரர் சனிக்கிழமை என்னைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்தால், சாப்பாடு முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டே, "என்ன மாப்ள, ஒங்க ரிஷிகள்லாம் சௌக்கியமா?" என்று அண்ணன் ஆரம்பிப்பார். "ஒங்க ராவணன் சௌக்கியமா மச்சான்?" என்பார் இவர். அண்ணி விளக்கை எடுத்துக்கொண்டு போன பிறகும் இருட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே படுத்திருப்பது எனக்குப் பிடிக்கும். அந்தச் சத்தமே எனக்கு எமனாக வரும் என்று அப்போது தெரியவில்லை.

பிள்ளை பெற்று நான் அண்ணன் வீட்டில் இருந்தபோது, செம்மண் மேட்டில் கிணறு வெட்டினார்கள். ஆள் உயரத்துக்குத் தோண்டியதும் மூன்று பெரிய முதுமக்கள் தாழிகள். எங்கள் பக்கத்தில் இது அதிசயமில்லை. உழுகிறவர்கள் பானை ஓட்டைப் பார்த்தால் ஒதுக்கிப் போட்டுவிட்டுப் போவார்கள். அண்ணன் மட்டும் கூலியாட்களை நிறுத்திவிட்டு, உள்ளே இருந்ததையெல்லாம் கூடையில் அள்ளிக்கொண்டு வந்து கொல்லையில் கொட்டினார். வீட்டுக்காரருக்கு ஆள் போயிற்று. அவர் மறுநாளே வந்துவிட்டார். இரண்டு பேரும் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, தீபாவளிக்குப் பட்டாசு பங்கு போடும் பையன்களாக உட்கார்ந்துவிட்டார்கள்.

கழுவிக் கொடுத்தது நான். கறுப்பும் சிவப்புமாகக் கிண்ணங்கள். துருப்பிடித்த இரும்பு ஒன்று. ஜட்காக் குதிரை வாயில் கிடக்குமே, அந்தக் கடிவாளத்து இரும்பு மாதிரியே வளையமும் கம்பியுமாக இருந்தது. அப்புறம் எலும்பு. அதில் ஒரு தாடை, என் உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது. பால்பற்கள் வரிசையாக இருந்தன. மடியில் என் பிள்ளை பால் குடித்துக்கொண்டிருந்தது. யார் பெற்றதோ, இப்படி மண்ணில் வைத்துவிட்டுப் போன அன்றைக்கு அவள் எப்படி வீடு திரும்பினாளோ என்று நினைத்தேன். அழுகை வந்துவிட்டது. அண்ணி, "பச்சை ஒடம்புக்காரி இதையெல்லாம் தொடாதே" என்று கூடையைப் பிடுங்கிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு இரண்டு பேரும் ஆளுக்கொரு பத்திரிகையில் கட்டுரை எழுதினார்கள். வீட்டுக்காரரின் கட்டுரையில் குதிரைக் கடிவாளம் இரண்டு பக்கத்துக்கு வந்தது. குதிரை இருந்தால் தேர், தேர் இருந்தால் வேதம், ஆகவே இங்கேயும் ஆதிமுதல் அதே ஜனம். எலும்பைப் பற்றிப் பேச்சே இல்லை. தாழிக்குள் சாம்பல் இருந்தது என்று எழுதியிருந்தார். வேதக்காரர்கள் பிணத்தை எரிப்பவர்கள், புதைத்தார்கள் என்று சொன்னால் கணக்கு உதைக்குமாம். பட்டணத்துப் பேராசிரியர் ஒருவர், தேசத்துக்குச் செய்த தொண்டு என்று பாராட்டிக் கார்டு போட்டார். தாழியை அவர் கண்ணால் பார்த்ததில்லை.

அண்ணன் மட்டும் யோக்கியமா? குதிரை வடக்கேயிருந்து வந்தவனுடையது என்பதால் அவர் கட்டுரையில் கடிவாளம் மாயமாகிவிட்டது. எலும்பு இருந்தது, ஆனால் போரில் மார்பில் புண்பட்டு மாண்ட தமிழ் வீரனின் எலும்பாக இருந்தது. பால்பல் முளைத்த வீரன்! இரண்டையும் படித்துவிட்டு எனக்கு எரிச்சலாக வந்தது. ஒரே கொல்லையில், ஒரே கூடையிலிருந்து எடுத்ததை இப்படியா எழுதுவது? ஆனாலும் எழுதித் தொலையட்டும், யார் படிக்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

பிள்ளைக்கு ஒரு வயது நிறைந்ததும், நார்த்தாமலைக்குக் கிழக்கே இருக்கும் எங்கள் குலதெய்வக் கோயிலில் முடியிறக்கிக் காது குத்த நாள் பார்த்தோம். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். சாமி இல்லை என்கிற அண்ணன், புது வேட்டி கட்டி, மருமகளுக்குத் தோடும் பட்டுப்பாவாடையும் தட்டில் வைத்துக்கொண்டு விடியற்காலையில் வண்டி கட்டி வந்துவிட்டார். "சாமிக்காக வரலை, எம் மருமகளுக்காக வந்தேன்" என்றார். வந்தவர் வீட்டுக்காரர் கட்டுரை வந்த பத்திரிகையையும் இடுப்பில் சொருகிக்கொண்டு வந்திருந்தார்.

வலது காதைக் குத்தியதும் பிள்ளை வீறிட்டது. அது அடங்கட்டும் என்று ஆசாரி ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அண்ணன் பிள்ளைக்கு வெல்லம் ஊட்டிக்கொண்டே, "சாம்பல்னு எழுதியிருக்கீங்களே மாப்ள, எலும்பை எங்கிட்டுப் போட்டீங்க?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் சுற்றிலும் வீட்டுக்காரரோடு வேலை பார்க்கிற வாத்தியார்கள் நின்றார்கள். இவர் முகம் கறுத்துவிட்டது.

"கடிவாளத்தை நீங்க எங்கிட்டுப் போட்டீங்க?"

"எது கடிவாளம்? வெறும் துருப்பிடிச்ச கம்பி."

"எது எலும்பு? மக்கிப்போன வேர்."

குரல் ஏறிக்கொண்டே போயிற்று. கடைசியில் அண்ணன், "கழுவுனது எந்தங்கச்சி. அவளையே கேளுங்க" என்றார். வீட்டுக்காரரும், "ஆமா, நீயே சொல்லு" என்றார். ஆளாளுக்கு நான் தன் பக்கம் என்ற நினைப்பு. ஒரு பொய் சொல்லியிருந்தால் ஒருவராவது எனக்கு மிஞ்சியிருப்பார்.

"ரெண்டுந்தான் இருந்துச்சு. கடிவாளமும் இருந்துச்சு, எலும்பும் இருந்துச்சு. அது வீரனும் இல்லை ஒண்ணும் இல்லை. பச்சைப்புள்ளை தாடை" என்றேன்.

"பொறந்த வீட்டுக்குச் சாயாம இருப்பாளா?" என்றார் வீட்டுக்காரர்.

"புருசன் வீட்டுச் சோறு பேசுது" என்றார் அண்ணன்.

அதோடு நின்றிருந்தால் ஆறிப் போயிருக்கும். வாத்தியார்கள் முன்னால் தலை குனிந்த கோபத்தில் வீட்டுக்காரர் சொல்லக் கூடாததைச் சொன்னார். "வெள்ளைக்காரன் எச்சில் எலையை வழிக்கிறவர் மடியிலயா எம் புள்ளை ஒக்காரணும்?"

அண்ணன் பிள்ளை வாயோரத்து வெல்லத்தைத் துண்டால் துடைத்தார். எழுந்து வந்து பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வண்டிக்குப் போய்விட்டார். அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே பின்னால் ஓடினாள். மாமன் எழுந்த பிறகு மற்றக் காதைத் தொடமாட்டேன் என்று ஆசாரி சொல்லிவிட்டார். பந்தியில் பரிமாறிய சோறு அப்படியே கிடந்தது.

ரோஷம் தணிந்தால் சரியாகிவிடும் என்றார்கள். வருஷங்கள் போயின. "அவர் வந்தா நான் வேணாம்னா சொல்லப்போறேன்?" என்பார் வீட்டுக்காரர். அண்ணனோ பொங்கலுக்குப் பொங்கல் கரும்பும் அரிசியும் வண்டிக்காரனிடம் கொடுத்தனுப்புவார், தான் வரமாட்டார். நான் போனால் சோறு போட்டார், வெளியூர்க்காரியிடம் பேசுவதுபோல மழை தண்ணியைப் பற்றிப் பேசினார். கட்டுரைகள் மட்டும் நிற்கவில்லை. பேர் சொல்லாமல் ஒருவரை ஒருவர் குத்தி எழுதிக்கொண்டே இருந்தார்கள். யுத்தம் வந்தது, அரிசி கிடைக்காமல் கஞ்சி குடித்த நாட்களிலும் வீட்டுக்காரர் காகிதத்துக்கு எங்கேயாவது வழி பண்ணிவிடுவார்.

மகள் ஒரு காதில் தோட்டோடு வளர்ந்தாள். தெருப் பிள்ளைகள் கேலி செய்தால் அழுதுகொண்டு வருவாள். "மாமா வருவாக. மாமா மடியில ஒக்காந்துதான் இந்தக் காதைக் குத்தணும்" என்று சொல்லிச் சமாதானம் செய்வேன். சொல்லிச் சொல்லி எனக்கும் அது நிச்சயம் என்றே ஆகிவிட்டது.

சுதந்திரம் வந்த அடுத்த வருஷம் அண்ணன் விஷக்காய்ச்சலில் போய்விட்டார். அந்த வீட்டு வாசலை வீட்டுக்காரர் மறுபடி மிதித்தது அன்றைக்குத்தான். அண்ணி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "தை பொறந்தா புதுவேட்டியை எடுத்துப் பெட்டி மேல வைக்கச் சொல்லுவாக. இந்த வருசமாச்சும் மாப்ள ஆளனுப்புவாரும்பாக. ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தா ஓடி வந்திருப்பாகளே" என்றாள். வீட்டுக்காரர் காதிலும் அது விழுந்தது. அவர் போய் அண்ணன் தலைமாட்டில் உட்கார்ந்தார். "எலும்பு இருந்துச்சு மச்சான்" என்று மெதுவாகச் சொன்னார். செத்தவரிடம் ஒப்புக்கொள்வதில் என்ன கஷ்டம்? எனக்கு அவர் மேல் அன்று இரக்கம் வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

மறு வருஷம் அவர் கட்டுரைகள் புத்தகமாக வந்தன. எடுத்துப் பார்த்தேன். சாம்பல் என்றே இருந்தது.

"எலும்புன்னு எங்கண்ணன்கிட்டச் சொன்னீங்களே" என்று கேட்டேன்.

"தேசம் இப்பத்தான் ஒண்ணாயிருக்கு. இப்பப் போயி அதை எழுதுனா யாருக்கு லாபம்?" என்றார்.

சண்டை போட்டுக்கொண்டு போக எனக்குப் பிறந்த வீடும் இல்லை.

அந்தத் தை மாதம் அவராகவே மகளைக் கூட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குக் கிளம்பினார். நானும் போனேன். ஆசாரி கடையில் மணையைப் போட்டு உட்கார்ந்து, "வா ஆத்தா, அப்பா மடியில ஒக்காரு. ஒரு நிமிசந்தான்" என்று கையைப் பிடித்து இழுத்தார். மகள் உட்காரவில்லை. இடது காதைக் கையால் பொத்திக்கொண்டு நின்றாள்.

"மாமா மடியிலதானப்பா குத்தணும்? மாமாதான் செத்துப் போயிட்டாகள்ல?"

அவர் அவள் கையை விட்டுவிட்டார். எழுந்திருக்க வேண்டும் என்றுகூடத் தோன்றாமல் மணையிலேயே உட்கார்ந்திருந்தார். அடுத்த வேலைக்கு ஆள் வந்து நிற்கவும், ஆசாரி அவரை எழுந்திருக்கச் சொன்னார்.