கட்டைவிரலுக்கு அடியில் ஒரு கட்டி

நோயியல் படிப்பில் எனக்கு அது இரண்டாம் வருடம். கண்ணாடித் துண்டை மைக்ரோஸ்கோப்பில் வைத்த பத்து விநாடிக்குள் பெயர் சொல்லாவிட்டால் கை பரபரக்கும். அன்றும் அப்படித்தான்.

"மெலனோமா, மேடம்" என்றேன்.

படிவத்தில் இருந்தது இவ்வளவுதான்: தாராவியில் தோல் பட்டறைத் தொழிலாளி, வலது கால் கட்டைவிரலுக்கு அடியில் கறுத்த கட்டி, ரத்தக் கசிவு. கட்டியிலிருந்து சிறு துண்டு ஒன்றை மட்டும் எடுத்து அனுப்பியிருந்தார்கள். அந்தக் கொடிய கறுப்புப் புற்றுதான் என்று நாங்கள் எழுதினால் விரலை எடுத்துவிடுவார்கள்.

என் பேராசிரியரான மேடம் குனிந்து பார்த்தார். "செல் எல்லாம் ஒரே சைஸ்ல இருக்கே. மெலனோமா இவ்ளோ ஒழுக்கமா இருக்குமா?"

இருக்காது. அப்படியென்றால் பொரோமாவா? வியர்வைக் குழாயிலிருந்து கிளம்பும் சாதுவான கட்டி அது. பாதத்தில்தான் அதிகம் வரும், எப்போதாவது கறுப்பாகவும் வரும். ஆனால் அதைச் சொல்ல, கட்டிக்குள் ஒரு வியர்வைக் குழாயாவது கண்ணில் பட வேண்டும். படவில்லை. போதாக்குறைக்கு மேல்தோல் புண்ணாகிக் கிடந்தது, பல செல்கள் இரண்டாகப் பிரிந்துகொண்டிருந்தன. அப்படியானால் பொரோமாவே கெட்டுப்போய்ப் புற்றாகிவிட்டதா? என் நோட்டில் மூன்று பெயர்கள். தினமும் அவற்றின் வரிசையை மாற்றினேன்.

சதையைப் பதித்து வைத்திருந்த மெழுகுக் கட்டையை இன்னும் ஆழமாகச் சீவித் தரச் சொன்னோம். எல்லாத் துண்டிலும் ஓட்டைகள் இருந்தன. குழாயா, செத்த செல் உதிர்ந்த இடமா, சீவும்போது கிழிந்ததா? விரல் தப்பட்டும் என்று நினைத்துப் பார்த்தால் எல்லா ஓட்டையும் குழாய். பயந்துகொண்டு பார்த்தால் ஒன்றுகூட இல்லை. என் கண்ணை நானே நம்பாமல் போனது அந்த வாரத்தில்தான்.

ஐந்தாம் நாள் அந்தத் தொழிலாளியே நொண்டிக்கொண்டு ரிப்போர்ட் கேட்டு வந்தார். கவுன்டரில் இருந்தவர், "தும்ஹாரா தமிழ்வாலா ஆயா ஹை" என்று, உன் தமிழ் ஆள் வந்திருக்கிறார் என்கிற தோரணையில், என்னைக் கூப்பிட்டார்.

"இன்னும் முடியலை. நீங்க உக்காருங்கோ" என்றேன்.

"உக்காருங்கோவா? மாட்டுங்காப் பொண்ணாக்கும்!" என்று, எங்கள் பேட்டையின் பிராமணப் பேச்சைப் பிடித்துவிட்டுச் சிரித்தார். "அஞ்சு நாளா என்னத்த பாக்குதீங்க டாக்டரம்மா? இத்தனூண்டு சதைதான?"

"மேல புண்ணா இருக்கே, எப்படி ஆச்சு? அடி பட்டுதா?"

சிரிப்பு நின்றது. "நடக்கையில உறுத்திக்கிட்டே கெடந்துச்சு. தோல் சீவுத கத்தி கையிலதான இருக்கு? ஒரு இழுப்பு இழுத்தேன்."

"ஐயோ! டாக்டர்கிட்ட சொன்னேளா?"

"ஏசுவாருல்லா? அதான் சொல்லல. மூணு தடவ சீவிட்டேன். மறுபடி மறுபடி முளைக்குது."

நான் மைக்ரோஸ்கோப்புக்கு ஓடினேன். பிரியும் செல்கள் புண்ணுக்கு நேர் கீழேதான் கூட்டமாக இருந்தன. தள்ளிப் போனால் அமைதி. காயம் ஆறுகிற பரபரப்புதான் இது, புற்று இல்லை! சந்தோஷம் ஒரு நிமிடம் இருந்தது. புற்றின் மேல் கத்தியை இழுத்திருந்தாலும் இப்படித்தானே இருக்கும்?

மேடத்திடம் கேட்டேன். "அதுவும் வாஸ்தவம்தான்" என்றார். எனக்கு அழுகை வந்தது.

சிறப்புச் சாயங்கள் ஏற்றிய துண்டுகள் அடுத்த வாரம் வந்தன. கறுப்பு நிறமிச் செல்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிளை விரித்துக் கிடந்தன. கட்டியே அவற்றால் ஆனதில்லை; மெலனோமா விலகியது. ஆழத்தில் சீவிய துண்டில் ஒரு வளையம், அதன் உள்விளிம்பு முழுக்கப் பளிச்சென்ற கருஞ்சிவப்பு; கிழிந்த ஓட்டையில் சாயம் அப்படி ஏறாது. குழாய். மேடத்தைக் கூப்பிட்டேன், அவர் பார்த்தார், பிறகு நான், மறுபடி அவர். ஆழத்திலும் செல்கள் ஒரே சைஸில் அமைதியாக இருந்தன; கெட்டுப்போன பொரோமா என்றால் இப்படி இருக்காது. ரிப்போர்ட்டில் எழுதினோம்: பொரோமா, சாதுவானது, அனுப்பிய துண்டின் விளிம்புவரை கட்டி இருப்பதால் முழுவதும் அகற்றவும். கத்தி பட்ட கதையையும் சேர்க்கச் சொல்லி நின்றேன். மேடம் சேர்த்துக் கையெழுத்திட்டார்.

ரிப்போர்ட் வாங்க வந்த தொழிலாளியிடம் சொன்னபோது, "அப்போ வெரலு?" என்றார்.

"இருக்கும். கட்டிய மட்டும் எடுப்பா."

"நல்ல கட்டின்னு சொல்லுதீங்க, பெறவு எதுக்கு எடுக்கணும்? அது ஏன் கறுத்துச்சு?"

முதல் கேள்விக்கு, விட்டால் மறுபடி முளைக்கும் என்று பாதி பதில் சொன்னேன். இரண்டாவதற்கு, "தெரியலை" என்றேன். சில பொரோமா கறுக்கிறது, பல கறுப்பதில்லை, ஏனென்று நான் படித்த புத்தகமும் நேராகச் சொல்லவில்லை.

"சரி, தெரிஞ்சா சொல்லி அனுப்புங்க" என்று, ஏதோ என் வேலை இன்னும் பாக்கி என்பது போல், நொண்டிக்கொண்டு போனார்.

பத்து நாள் கழித்து அறுவை அரங்கிலிருந்து அவர் பெயர் எழுதிய பாட்டில் வந்தது. தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். கோலிக்குண்டு அளவு கட்டி, சுற்றிலும் மெல்லிய தோல் ஓரம், வேறொன்றும் இல்லை.