துரையைப் படம்பிடிக்க மாமா வந்த நாள்

படம் பிடிக்க வந்த என் மாமா, எங்கள் வீட்டு வாசலை மிதிப்பதற்கு முன்பே பிடிக்க வேண்டிய படங்களில் முக்கால்வாசியை உடைத்துவிட்டிருந்தார். செடெனாக் ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கி எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு மாட்டு வண்டியில் வந்திருக்கிறார். முந்தின நாள் மழையில் செம்மண் பாதை குழைந்து கிடந்தது. வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்ததில் காமிராவும் கண்ணாடித் தகடுகள் வைத்த பெட்டியும் வாய்க்காலில் போய் விழுந்தன. அந்தக் காலத்தில் படம் விழுவது கண்ணாடித் தகட்டில்தான். வெளிச்சம் பட்டால் அது வீண். ஆகவே மாமா பெட்டியை எங்கள் அரிசி அறைக்குள் கொண்டுபோய்க் கதவை அடைத்து, இடுக்குகளில் கம்பளியைத் திணிக்கச் சொல்லிவிட்டு, இருட்டிலேயே ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். வெளியே வந்தபோது விரலெல்லாம் ரத்தம்.

"ரெண்டுதான்க்கா பொழச்சிருக்கு" என்றார் அம்மாவிடம்.

மாமா அம்மாவுக்குத் தம்பி. ஜோகூர் பாருவில் ஒரு படக்கடையில் வேலை பார்த்துவிட்டு, அப்போதுதான் தனியாகக் கடை போட்டிருந்தார். எங்கள் தோட்டத்துத் துரைக்கு, சீமையில் இருக்கும் கம்பெனிக்காரர்களுக்கு அனுப்ப இரண்டு படங்கள் வேண்டியிருந்தன. பங்களாவின் முன்னால் ஒன்று, ரப்பர் ஸ்டோரின் முன்னால் ஒன்று. தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த என் அப்பா, தன் மச்சினன் நன்றாகப் படம் பிடிப்பான் என்று துரையிடம் சொல்லி வைத்திருந்தார். ஆகவே அன்று மாமாவின் பெயரோடு அப்பாவின் பெயரும் அந்தக் காமிராவுக்குள் அடைபட்டிருந்தது.

இரண்டு படத்துக்கு இரண்டு தகடு. கணக்கு சரியாகத்தான் இருந்திருக்கும், கடைசி லயத்துக்காரர்கள் இல்லாவிட்டால்.

ரப்பருக்கு விலை இல்லாமல் போயிருந்த வருஷங்கள் அவை. பால் வெட்டு நிறுத்திய காடுகளில் புல் மண்டியது. வேலையாட்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயங்கள் ஒவ்வொன்றாகக் காலியாகிக்கொண்டு வந்தன. யாரைக் கேட்டாலும் "ஊருக்குப் போறாங்க" என்றார்கள். ஊர் என்றால் கப்பலேறிப் போகிற இடம் என்பது மட்டும் எனக்குத் தெரியும். வருகிற வாரம் கடைசி லயத்தின் முறை. போவதற்கு முன் தங்களையும் ஒரு படம் பிடிக்க முடியுமா என்று ஆயாவை விட்டு அப்பாவிடம் கேட்டிருந்தார்கள். ஆயா என்பவள் தோட்டத்துப் பிள்ளைக் கொட்டகையில் எங்களையெல்லாம் பார்த்துக்கொண்டவள். நான் நடை பழகியது அவள் விரலைப் பிடித்துத்தான் என்று அம்மா சொல்வாள். அப்பா சரியென்றிருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே அவர்கள் தலைக்கு எண்ணெய் வைத்து, பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த சேலை வேட்டிகளைக் கட்டிக்கொண்டு, எங்கள் வேலியோரம் காத்திருந்தார்கள்.

மாமாதான் போய்ச் சொன்னார். "கண்ணாடி ஒடஞ்சு போச்சு ஆயா. இன்னொரு வாட்டி வந்து கண்டிப்பா எடுத்துத் தரேன்."

"இன்னொரு வாட்டிக்கு நாங்க இருக்க மாட்டோமே, தம்பி" என்றாள் ஆயா. குறையாகச் சொல்லவில்லை. வேலியில் காய்ந்த துணி நனையப்போகிறது என்று சொல்வது போலச் சொன்னாள்.

மாமா திரும்பி வந்து காமிராவை விரித்துப் பார்த்தார். அடுத்த இடி அங்கே காத்திருந்தது. காமிராவின் நடுவே ஆர்மோனியத் துருத்தி போல மடிந்து விரியும் தோல் பை ஒன்று உண்டு. விழுந்த வேகத்தில் அதில் இரண்டு இடத்தில் கிழிசல். உள்ளே வெளிச்சம் புகுந்தால் படம் புகை மூடியது போல வெளுத்துவிடும். கோந்து கேட்டார், வீட்டில் இல்லை. சோற்றுப் பசையைத் தடவிப் பார்த்தார்; மடிப்பில் நிற்கவில்லை. பங்களாவிலிருந்து ஆள் வந்து, துரை உடுத்தித் தயாராக இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனான். அப்பா கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மாமா வேலிப்பக்கம் பார்த்து, "கொஞ்சம் ரப்பர் பால் கெடைக்குமா?" என்று கேட்டார்.

அன்று பால் வெட்டு இல்லை. வெட்டை நிறுத்திய காட்டில் மரத்தைத் தொட்டால் வேலையே போய்விடும். ஆயா காட்டுப்பக்கம் போனாள். கொஞ்ச நேரத்தில் ஒரு சிரட்டையை முந்தானையால் மூடிக்கொண்டு வந்தாள். அப்பா அதைப் பார்த்தார். உடனே எங்கள் வீட்டுக் கூரையில் ஏதோ கோளாறு இருப்பது போல அண்ணாந்து அதைக் கவனிக்கத் தொடங்கினார். மாமா தன் குடைத் துணியிலிருந்து கறுப்புத் துண்டுகள் கிழித்து, பாலில் தோய்த்து, கிழிசல்களில் ஒட்டி வெயிலில் காட்டினார். துருத்தி நாற்றமெடுத்தது. ஆனால் வெளிச்சம் புகவில்லை.

பங்களாவில் முதல் படம் ஒருவழியாக முடிந்தது. துரையின் நாய் காமிரா நின்ற முக்காலியின் ஒரு காலைக் கௌவிக்கொண்டு விட மறுத்ததும், ஈர மண்ணில் இன்னொரு கால் புதைந்ததும் மாமாவுக்கு அன்று சின்ன விஷயங்கள். நான் அவர் பக்கத்திலேயே நின்று ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். தகடு ஒரு மரக்கூட்டுக்குள் இருக்கும். கூட்டைக் காமிராவின் முதுகில் செருக வேண்டும். கூட்டின் மெல்லிய பலகை மூடியை மேலே உருவ வேண்டும். அதற்குப் பிறகுதான் முன்னால் இருக்கும் லென்ஸின் தொப்பியைக் கழற்ற வேண்டும். ஒரே தரம் பார்த்ததில் எனக்கு அது மனப்பாடமாகிவிட்டது.

பிறகு ஸ்டோரின் முன்னால் போனோம். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. துரை இடுப்பில் கை வைத்து நின்றார். மாமா கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார், எடுத்தார், இரண்டாவது கூட்டைச் செருகினார். செருகிவிட்டு அதன்மேல் கையை வைத்தபடி நின்றுவிட்டார். அவர் முகம், ஆயாவும் மற்றவர்களும் இன்னும் நின்றிருந்த எங்கள் வேலிப்பக்கமாகப் போய்த் திரும்பியது. பிறகு விறுவிறுவென்று முன்னால் வந்து லென்ஸின் தொப்பியைக் கழற்றி, மனசுக்குள் எண்ணி, திரும்ப மூடினார்.

"ஆச்சு, தொரை."

"மாமா, பலகைய உருவவே இல்லையே" என்றேன் நான்.

துரைக்குத் தமிழ் வரும், தோட்டத்துக்கு வேண்டிய அளவுக்கு. அவர் அப்பாவைப் பார்த்தார். "கிராணி, பாப்பா என்னா சொல்லுது?"

என் அப்பா பொய் சொல்லி நான் கேட்டதில்லை. பொய் சொன்னால் நாக்கில் புள்ளி விழும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். அவர் என்னைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், பிறகு துரையைப் பார்த்து, "பசிக்குதுன்னு சொல்லுது, தொரை" என்றார்.

துரை சிரித்துவிட்டு, மழை வருமுன் சாப்பிடப் போய்விட்டார். நான் அப்பாவின் நாக்கைப் பார்ப்பதற்காக நெடுநேரம் அவர் வாயையே கவனித்துக்கொண்டிருந்தேன். அடுத்த பூசைக்குப் பாதிரிச் சாமியார் வரும்போது அப்பாவின் பொய்யைச் சொல்லிவிட வேண்டும் என்றும் தீர்மானித்தேன்.

மாமா காமிராவைத் தோளில் தூக்கிக்கொண்டு, வேலியோரம் நின்றவர்களையும் கூப்பிட்டுக்கொண்டு கடைசி லயத்துக்கு நடந்தார், நடந்தார் என்பதைவிட ஓடினார். அவர்களை ரோஜாச் செடிகள் இருந்த ஆபீசுப் பக்கம் நிற்கச் சொன்னார், படம் அழகாக இருக்கும் என்று. ஆயா மாட்டேன் என்றாள். "வீட்டுக் கதவு படத்துல விழணும் தம்பி." அடுப்புப் புகை ஏறிக் கறுத்த அந்தக் கதவுகளின் முன்னால்தான் எல்லாரும் வரிசையாக நின்றார்கள். அப்பா எங்களுக்கு முதுகைக் காட்டி, பங்களாவிலிருந்து வரும் பாதையில் போய் நின்றுகொண்டார்.

நானும் ஓடிப்போய் ஆயாவின் பக்கத்தில் நின்றேன். அப்பா திரும்பி வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். "இது ஊருக்குப் போறவங்க படம். நீ இதுல வேண்டாம்மா" என்றார். எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல.

வெளிச்சம் குறைவாக இருந்ததால் நெடுநேரம் அசையாமல் நிற்க வேண்டும் என்று மாமா சொன்னார். இந்தத் தடவை பலகையை உருவினார். லென்ஸைத் திறந்ததும் முதல் தூறல் விழுந்தது. மாமா சட்டையைக் கழற்றிக் காமிராவின் மேல் பிடித்துக்கொண்டார். அவர்கள் நனைந்தார்கள். ஒருவர்கூட முகத்தைத் துடைக்கவில்லை. கைக்குழந்தை ஒன்று மட்டும் தலையை ஆட்டியது. படத்தில் அதற்கு இரண்டு முகம் விழுந்திருந்ததைப் பிறகு பார்த்தேன்.

ஸ்டோர் படம் மழையில் கெட்டுவிட்டதாக மாமா துரையிடம் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு தோட்டத்துக்கு வேறு ஆள்தான் வந்து படம் பிடித்தான். கடைசி லயத்துக்கு மட்டும் வீட்டுக்கு ஒரு படமாக மறுவாரமே ரயிலில் வந்து சேர்ந்தது.

அவர்களை வழியனுப்ப அப்பா என்னையும் ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஆயா படத்தை எண்ணெய்த் தாளில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். சிறுபிள்ளையாக இந்த மண்ணுக்கு வந்து, புருஷனையும் இரண்டு பிள்ளைகளையும் இங்கேயே அடக்கம் செய்துவிட்டு, பெயர்கூடச் சரியாக நினைவில்லாத ஓர் ஊருக்கு அவள் போய்க்கொண்டிருந்தாள். அதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? நான் கண்டது வேறு. ரயிலில் ஜன்னலோர இடம் அவளுக்கு. அதற்கப்புறம் கப்பல் அவளுக்கு. போதாததற்குப் படமும் அவளுக்கு.

வண்டி நகர்ந்ததும் நான் அழத் தொடங்கினேன். பிரிவுக்கு அழுகிறேன் என்று நினைத்து ஆயாவும் ஜன்னலில் சாய்ந்து அழுதாள். நான் அப்பாவின் வேட்டியைப் பிடித்து இழுத்து, நம்மை மட்டும் ஏன் ஊருக்கு அனுப்ப மாட்டேன் என்கிறார்கள் என்று கேட்டேன். அப்பா என்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். நான் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு, வீடு வரைக்கும் அழுதேன்.