இர்ஷானாவின் ஏச்சு

குஞ்சை மல்லாத்திப் பிடித்து அதன் வயிற்று இறகை ஊதிப் பார்த்துக்கொண்டே, வாசலில் நிற்பவரை ஏசிக்கொண்டிருக்கிறாள் இர்ஷானா. “லவ் பேர்ட்ஸா? லவ் வேணுமெண்டா வேற வீட்டப் பாருங்க. இஞ்ச இரிக்கிறது பட்ஜி.” வந்தவர் காத்தான்குடியிலிருந்து மகளுக்குக் குருவி வாங்க வந்த புடவைக் கடைக்காரர். பாவம், ஊரெல்லாம் சொல்கிற பெயரைத்தான் அவரும் சொன்னார். ஊதிய இடத்தில் இறகு விலகி நெஞ்செலும்பு தெரிகிறது. அது கூராகத் துருத்திக்கொண்டு நின்றால் குருவி ஒழுங்காகத் தின்னவில்லை என்று அர்த்தம். இது துருத்தவில்லை. பின்பக்கத்திலும் எச்சம் ஒட்டியிருக்கவில்லை. “புடிங்க” என்று நீட்டுகிறாள். அவர் வாங்கியதும், “நசிக்காதீங்க, தேசிக்காயா அது?” என்று அதற்கும் ஒன்று விழுகிறது.

ஏறாவூரில் வாவிக்கரைப் பக்கமாக உள்ள அந்த வீட்டில் ஏச்சு வாங்காமல் குருவி வாங்கியவர் எவரும் இல்லை. இர்ஷானாவுக்கு வயது நாற்பதைத் தாண்டவில்லை, குரல் மட்டும் இரண்டு வளவு தாண்டும். பெருநாள் உடுப்புத் தெரிவுசெய்வதுபோல் “பச்சையில ஒண்டு, நீலத்தில ஒண்டு” என்று கேட்டு வருபவர்களைக் கண்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். “முதல்ல முகத்தப் பாருங்க. முகம் மஞ்சளெண்டா பச்சைச் சாதி, வெள்ளையெண்டா நீலச் சாதி. மத்ததெல்லாம் அதுக்கு மேல வந்த வேல.” முதுகுக் கோடு கறுப்பாக இல்லாமல் தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் சினமன். உடம்பெல்லாம் மஞ்சளாகவும் கண் சிவப்பாகவும் இருந்தால் லுட்டினோ. இதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, “அப்ப மஞ்சள் தாங்க” என்று சொன்ன ஒருவரை அவள் படலைக்கு வெளியே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள்.

குஞ்சு பார்ப்பதற்கும் அவளிடம் ஒரு ஒழுங்கு உண்டு. நெற்றிக் கோடுகள் மூக்குவரை இறங்கியிருக்க வேண்டும். கண் முழுக்கக் கறுப்பாக இருக்க வேண்டும். நான்கைந்து மாதம் போனால் நெற்றி வெளித்துவிடும், கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் விழத் தொடங்கும். மூச்சு விடும்போது வால் மேலும் கீழும் ஆடினால் அதைத் தொடவே கூடாது. எல்லாம் சரியாக இருந்தாலும், குஞ்சு தானாகத் தினையை உமி நீக்கித் தின்பதைத் தன் கண்ணால் காணும்வரை அவள் விற்பதில்லை. தகப்பன் குருவி ஊட்டும் பருவத்திலேயே பிரித்து விற்கும் கடைக்காரர்களைப் பற்றி அவள் சொல்வதை இங்கே எழுத முடியாது.

அவளுடைய கணவன் ஸாஹிருக்குக் கோபமே வராது. அது ஒரு வருத்தம், அதற்கு மருந்து எடுக்க வேண்டும் என்பது இர்ஷானாவின் கட்சி. கட்டாரில் பல வருடம் இருந்துவிட்டு வந்து ஓட்டோ ஓட்டுகிறான். ஓட்டம் இல்லாத நேரத்தில் கூட்டடியில் நின்று, வருகிறவர்களுக்குக் கதிரை போட்டு, இவள் ஏசிய காயத்துக்கு அவன் சிரிப்பைப் பூசி அனுப்புவான்.

மட்டக்களப்பு டவுனில் சின்ன உப்போடையிலிருந்து றொசானி என்றொரு தையல்காரப் பெண் இரண்டு தரம் வந்து வெறுங்கையோடு திரும்பியிருந்தாள். சோடி ஒன்று வாங்கி, பெருக்கி, இர்ஷானாவைப் போலத் தானும் ஒரு கூட்டம் வளர்க்க வேண்டும் என்பது அவள் ஆசை. முதல் தரம் தன் வீட்டுக் கூட்டின் படத்தைக் கைபேசியில் காட்டினாள். “குசினிப் புகைக்குள்ள குருவியா? கருவாடா போடப் போறீங்க?” என்று ஏச்சு. அடுத்த தரம் கூட்டை இடம் மாற்றிப் படம் எடுத்து வந்தாள். பின்னேர வெயில் நேரே கூட்டின் தகரக் கூரையில் விழுகிறது என்று அதற்கும் ஏச்சு. அவள் முகம் கோணவில்லை. “சரி அக்கா, மாத்திப்போட்டு வாறன்” என்று போனாள். இப்படிச் சொல்லிப் போகிறவர்கள் திரும்பி வருவதில்லை. றொசானி வந்தாள்.

வந்த நேரம் இர்ஷானா வீட்டில் இல்லை. தங்கையின் பிள்ளைப்பேற்றுக்கு ஓட்டமாவடிக்குப் போயிருந்தாள். ஸாஹிர் படத்தைப் பார்த்தான், கூடு சரியாக இருந்தது. விற்கிற பருவத்தில் குஞ்சுதான் இல்லை. மூன்றாம் தரமும் ஒரு பெண்ணை வெறுங்கையோடு அனுப்ப அவனுக்கு மனம் கேட்கவில்லை. முதல்நாள் சந்தியில் வான் ஒன்றில் குருவி கொண்டுவந்து விற்றவனிடம் அவன் ஆசைப்பட்டு வாங்கிய ஒரு சோடி தனிக்கூட்டில் இருந்தது. அதைக் கொடுத்தான். நல்ல மனிதன் அல்லவா, முட்டையிட மண்முட்டி ஒன்றையும் சும்மா கொடுத்துவிட்டான்.

இர்ஷானா திரும்பி வந்து சில நாட்களில், அந்தச் சோடியைப் பற்றி ஸாஹிர் சொல்லும் முன்பே, றொசானி கைபேசியில் கோல் எடுத்தாள்.

“அக்கா, ஏசாதீங்க. அண்ணன் தந்த முட்டியக் கட்டிட்டன். பேடு உள்ளுக்குப் போய்க் குந்திட்டுது. நேத்திலிருந்து வெளியவே வரல்ல!” குரலில் அப்படியொரு சந்தோசம்.

“எத்தின மாசக் குஞ்செண்டு தந்த?”

“மூணு மாசம் எண்டு சொன்னவர்.”

மூன்று மாதக் குஞ்சுக்கு முட்டி ஒரு விளையாட்டுச் சாமான். ஏறும், இறங்கும், அதன் வாயைக் கொத்தும். உள்ளே போய்க் குந்தாது. “நான் வாறன், அதத் தொடாம வைங்க” என்று சொல்லிவிட்டு இர்ஷானா கைபேசியை வைத்தாள். ஏசவில்லை. அதைக் கண்டுதான் ஸாஹிர் பயந்து எழும்பினான்.

“எங்க வாங்கின அந்தக் குருவி?”

“சந்தியில, வான்காரன்ட. கண்ணப் பாத்துத்தான் எடுத்தன் புள்ள. முழுக் கறுப்பு. வெள்ளை வளையம் ஒண்டும் இல்ல. வளையம் இல்லாட்டிக் குஞ்செண்டு நீதானே செல்லுவாய்.”

“நிறம்?”

“வெள்ளையில நீலத் திட்டு. அடிவயிறு மட்டும் நல்ல நீலம். அப்பிடியொரு வடிவு.”

இர்ஷானா தலையில் அடித்துக்கொண்டாள். திட்டுத்திட்டாக வரும் பைட் குருவிகளில் ஒரு வகைக்குக் கிழடானாலும் கண்ணில் வெள்ளை வளையம் விழாது. நெற்றிக் கோட்டையும் அதில் நம்ப முடியாது. பெற்றுக் களைத்த கிழடுகளைக் குஞ்சு என்று தள்ளிவிட நினைப்பவனுக்கு இதைவிட வசதியான குருவி கிடையாது. அதனாலேயே அந்த வகையை இர்ஷானா தன் கூட்டுக்குள் எடுப்பதில்லை. எடுக்காததால் அதைப் பற்றி வீட்டில் பேச்சும் வந்ததில்லை. கண்ணைப் பார், கண்ணைப் பார் என்று ஊருக்கே கத்தியவள், கண்ணை நம்பக் கூடாத குருவியும் ஒன்று உண்டு என்று சொந்தப் புருசனுக்குச் சொல்லவில்லை.

“கண்ணப் பாத்தீங்க, காலப் பாத்தீங்களா? செதில் தடிச்சிரிக்கும், நகம் வளைஞ்சிரிக்கும்!”

ஸாஹிர் யோசித்தான். “நகம் வளையல்ல. வெட்டி இரிந்திச்சு.”

“மூணு மாசக் குஞ்சுக்கு எவன்டா நகம் வெட்டுவான்!” என்று அவள் கத்தியது புருசனைப் பார்த்து அல்ல, அங்கே இல்லாத அந்த வான்காரனைப் பார்த்து.

ஓட்டோ மட்டக்களப்பு றோட்டில் போகும்போது வழிநெடுக ஏசினாள். வான்காரனை ஏசினாள், அவனை நிற்க விட்ட சந்தியை ஏசினாள், முந்திப் போன பஸ்ஸை ஏசினாள். “கிழப் பேட்டுக்கு முட்டை இறங்காது. அடைச்சிட்டெண்டா ஒரு நாளும் தாங்காது. வேகமா விடுங்க!” ஸாஹிர் இன்னும் முறுக்கினான். வாவிக்காற்று முகத்தில் அடித்தது. அவளுக்கு வியர்த்துக்கொண்டிருந்தது.

றொசானி வீட்டு வேலிக்குப் பின்னால் வாவி. இர்ஷானா உள்ளே போனதும் கூட்டைப் பார்த்துச் சற்று நின்றுவிட்டாள். குசினிக்கு எட்டாத பக்கம். பின்னேர வெயிலுக்குத் தென்னோலைக் கிடுகு மறைப்பு. பூனை ஏறாத உயரம். கம்பியில் கொத்தித் தின்ன ஒரு கணவாய் ஓடு, கிண்ணத்தில் மாற்றிய தண்ணீர், தட்டில் நறுக்கிய கீரை. அவள் ஏசிய ஒவ்வொன்றுக்கும் அங்கே ஒரு வேலை நடந்திருந்தது.

முட்டிக்குள் கையை விட்டுப் பேட்டை எடுத்தாள். இறகெல்லாம் உப்பி, வால் மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தது. பின்பக்கம் வீங்கி இறுகிக் கிடந்தது. “தேங்காண்ணெயும் சுடுதண்ணியும் கொண்டா புள்ள, கெதியா!” றொசானி ஓடினாள். சுடுதண்ணீரில் பிழிந்த துணியில் குருவியை வைத்து, விரல் நுனியால் எண்ணெய் தடவி, அதனோடும் கோபமாகவே பேசினாள். “விடு, விட்டுடு, முக்கு.” அது அவள் விரலைக் கால்களால் இறுக்கிப் பிடித்தது. கொஞ்ச நேரத்தில் அந்தப் பிடி விட்டுப்போனது.

றொசானி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “பரவாயில்ல அக்கா. அண்ணன் நல்ல மனசோடதான் தந்தவர்.”

“பரவாயில்ல எண்டு செல்லாத!” தெருவில் போன ஒருவர் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார். “என்ன பரவாயில்ல? கூட்ட மாத்தச் சென்னன், மாத்தினாய். வெயிலெண்டன், கிடுகு கட்டினாய். எல்லாஞ் சரியாச் செஞ்ச புள்ளைக்கு எங்கிட ஊட்டால கிழட்டுக் குருவி குடுத்திரிக்கம். உனக்குக் கோவம் வராதா?”

றொசானி கூட்டுக்குள் கீரைத் தட்டை நேராக்கி வைத்தாள்.

இர்ஷானா படலைக்குப் போனாள். ஸாஹிர் ஓட்டோவை விட்டு இறங்காமல் குந்தியிருந்தான். “இறங்குங்க” என்றாள். அவன் மணிக்கட்டைப் பிடித்து வளவுக்குள் கூட்டிவந்து, கூட்டுக்கு முன்னால், றொசானிக்கு நேரெதிரே நிறுத்தினாள். பிறகு செத்த குருவியைக் கையில் ஏந்தியபடியே தானும் அவனுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

“இப்ப ஏசு புள்ள” என்றாள். றொசானி வாய் திறக்கும்வரை அவள் அசையவில்லை, ஸாஹிரின் கையை விடவும் இல்லை.