நோரீன் டாட்ரோவின் எதிர் ஓட்டு

ஆல்டன் கேடி தன் மளிகைக் கடையைப் பூட்டிவிட்டு ஃப்ளோரிடாவில் இருக்கும் மகள் வீட்டுக்குக் கிளம்பிய திங்கட்கிழமை, அமெரிக்க மலையூரான ஈஸ்ட் கார்வினில் விடியலிலிருந்தே பனி கொட்டிக்கொண்டிருந்தது. வழியனுப்ப வந்தவர்கள்தான் அவருடைய காரைத் தள்ளிச் சாலைக்கு ஏற்றிவிட்டார்கள். தள்ளியவர்களில் நோரீன் டாட்ரோவும் ஒருத்தி.

ஆல்டன் கண்ணாடியை இறக்கினார். "கடையை இப்படி விட்டுட்டுப் போறேனேன்னு இருக்கு, நோரீன்."

"நீ பேசாம வெயில்ல போய் உக்காரு. ஆறே வாரத்துல வேற ஒருத்தன் வந்து திறப்பான் பாரு. வாங்குறதுக்கு ஆள் இருக்கிற எடத்துக்கு விக்கிறதுக்கு ஆள் வராமலா போயிடும்?"

நோரீன் அதை முழுசாக நம்பித்தான் சொன்னாள். மர ரம்பங்கள், புல்வெட்டிகள், பனி தள்ளும் இயந்திரங்கள் பழுது பார்க்கும் பட்டறையை யார் தயவும் இல்லாமல் நடத்தி வந்தவள் அவள். அரசாங்கம் சாலை போடட்டும், பாலம் கட்டட்டும், மற்றதை மனிதர்களிடம் விட்டுவிடட்டும் என்பது அவள் கட்சி. வருமான வரி கட்டக் கடைசி நாளான ஏப்ரல் பதினைந்தாம் தேதி, ஊர் நடுவே உள்ள புல்வெளியில், "என் சட்டைப் பையிலிருந்து கையை எடு" என்று எழுதிய அட்டையோடு வருஷம் தவறாமல் நிற்பாள். சாலையின் எதிர்ப்பக்கம், பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற ஹாலிஸ் பென்வே, "எல்லோருக்கும் மருத்துவம்" என்ற அட்டையோடு நிற்பார். குளிர் தாங்காமல் போனால் ஹாலிஸ் ஃப்ளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கம் வந்துவிடுவார்.

"குடி. இது அரசாங்கக் காபி இல்ல."

"அதான் சூடா இருக்கு" என்பாள் நோரீன்.

ஆறு வாரம் போயிற்று. அந்தக் குளிர்காலம் போய் அடுத்ததும் வந்தது. கடை திறக்க ஒருவரும் வரவில்லை. பால் வாங்க மலையைச் சுற்றிக்கொண்டு பக்கத்து ஊருக்குப் போகவேண்டும். அது நோரீனுக்குப் பெரிய விஷயமில்லை, அவளிடம் டிரக் இருந்தது. அவள் கணவர் வெண்டலுக்குத்தான் சிக்கல். கண் மங்கி, வண்டி ஓட்டுவதை எப்போதோ விட்டுவிட்டவர். காலையில் தடியை ஊன்றி ஆல்டன் கடைக்கு நடந்து போவார். அடுப்பு ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து, காபி ஆறும்வரை பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றி யாரோடாவது சண்டை போட்டுவிட்டு, முகம் மலர்ந்து திரும்புவார். இப்போது சமையலறையில் ரேடியோ எதிரே உட்கார்ந்திருந்தார். பேச்சு நாளுக்கு நாள் குறைந்தது. ஒருநாள் நோரீன் பட்டறையிலிருந்து வந்தபோது, வானிலை வாசிப்பவனை அவர் திட்டிக்கொண்டிருந்தார்.

"அவன் எங்க பதில் சொல்லப் போறான்?" என்றாள்.

"அதான் கோவம்" என்றார் வெண்டல்.

ஊரார் எல்லோரும் கூடிக் கைதூக்கி முடிவெடுக்கும் மார்ச் மாத ஊர்க்கூட்டத்தில் வைக்க ஒரு தீர்மானம் வந்தது. பூட்டிக் கிடக்கும் கடையை ஊரே வரிப்பணத்தில் வாங்குவது, நடத்த முன்வருபவருக்கு வாடகைக்கு விடுவது. நோரீன் அன்றிரவு அதை வெண்டலுக்குப் படித்துக் காட்டினாள். கடைக்கு ஓட்டுப் போடு என்று அவர் கேட்கவில்லை. அதுதான் அவளைக் குடைந்தது.

கூட்டம் பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில். சுவருக்கு அந்தப் பக்கம் சமையலறை. கூட்டத்துக்கு வருபவர்களுக்கான மதிய உணவை ஊர்க்காரர்களே கொண்டுவந்து அங்கே சூடாக்குவார்கள். ஓட்டெடுப்பதற்கு முன்னால் யாராவது போய்ச் சமையலறை ஜன்னல் பலகையைத் தட்டவேண்டும். உள்ளே இருப்பவர்கள் கை துடைத்துக்கொண்டு வந்து கையைத் தூக்கிவிட்டுப் போவார்கள். எழுதாத வழக்கம், ஆனால் யாரும் மறந்ததில்லை.

அன்று மறந்தார்கள். விவாதம் இழுத்துக்கொண்டே போனது. எல்லோருக்கும் பசி. நோரீன்தான் எழுந்து, "பேசினது போதும் தலைவரே, ஓட்டுக்கு விடுங்க" என்றாள். தலைவர் உடனே விட்டார். கைகளை எண்ணினார்கள். நாலைந்து கை வித்தியாசத்தில் தீர்மானம் தோற்றது. சாப்பாட்டுக்குக் கலையலாம் என்றார் தலைவர்.

அப்போதுதான் ஜன்னல் பலகை திறந்தது. அவரைக்கொட்டைப் பானையை ஏந்தியபடி ஒருத்தி எட்டிப்பார்த்தாள். அவள் பின்னால் ஒரு பட்டாளமே நின்றது.

"கடை விஷயம் எப்ப எடுக்கப் போறீங்க? அதுக்குத்தானே அடுப்பக் குறைச்சு வச்சிருக்கோம்?"

"அது முடிஞ்சு போச்சு" என்றார் தலைவர்.

நோரீன் தட்டில் பன்றித் தொடைக்கறியும் அவரைக்கொட்டையும் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். எதிரே ஹாலிஸ் வந்து உட்கார்ந்தார்.

"ஜெயிச்சவ மூஞ்சியா இது?"

"வாய மூடிட்டுச் சாப்பிடு, ஹாலிஸ்."

"மூடிக்கிறேன். தோத்தவங்க மூடிக்கத்தான் வேணும். மறுபடி ஓட்டெடுங்கன்னு கேக்குற உரிமை ஜெயிச்ச பக்கத்துல ஓட்டுப் போட்டவங்களுக்குத்தான். அதுவும் அடுத்த தீர்மானத்தை எடுக்கறதுக்குள்ள கேட்டாகணும்."

"விதி எனக்குத் தெரியாதா?"

"தெரியும். அதான் ஒரு துண்டு ஆப்பிள் பை எடுத்துட்டு வந்து உன் எதிர்ல உக்காந்தேன். இந்தா."

பக்கத்தில் வெண்டல் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். ஓட்டெடுப்பில் அவர் கையைத் தூக்கியபோது முழங்கை அவள் தொப்பியில் இடித்திருந்தது. எந்தப் பக்கத்துக்கு என்று அவளுக்குத் தெரியும். அவர் இப்போதும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு சண்டை போட்டு முடித்திருப்பாள்.

சாப்பாடு முடிந்து தலைவர் அடுத்த தாளை எடுத்துத் தொண்டையைக் கனைத்தார். நோரீன் எழுந்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"தலைவரே, கடைத் தீர்மானத்த மறுபடி எடுக்கணும். நான் ஜெயிச்ச பக்கத்துல ஓட்டுப் போட்டவ."

"நோரீன், நீயா?" என்று யாரோ பின்வரிசையிலிருந்து கேட்டார்கள்.

"நான்தான். என்ன பேய் பிடிச்சிருக்கான்னு பாக்குறீங்களா? என் பட்டறைக்கு வர்றவன் அந்தப் பக்கம் திரும்பி நிக்கிறப்ப நான் விலை பேசி முடிக்கிறதில்ல. கண்ணப் பாத்துத்தான் பேசுவேன். அவங்க நமக்குச் சமைச்சிட்டிருந்தப்ப முடிச்ச வியாபாரம் இது. எனக்கு வேண்டாம்."

சமையலறைப் பட்டாளம் ஏப்ரனோடு வந்து நின்றது. மறுபடி எடுக்கலாம் என்று முடிவானது. மறுபடி எண்ணினார்கள். தீர்மானம் நல்ல வித்தியாசத்தில் வென்றது. நோரீன் இந்த முறையும் எதிராகவே கையைத் தூக்கினாள், முன்னைவிட உயரமாக.

வீட்டுக்குப் போகும்போது வெண்டல் ரொம்ப நேரம் சிரித்துக்கொண்டே வந்தார்.

"என்ன சிரிப்பு?"

"நீயே கதவத் திறந்துவிட்டுட்டு, நீயே குறுக்க நிக்கிறியே."

"குறுக்க நிக்கிறது என் உரிமை."

"யாரு இல்லன்னா?"

கடையை டெஸ்ஸா என்ற இளம் பெண் வாடகைக்கு எடுத்தாள். திறந்த நாளன்று நோரீன் வெண்டலை டிரக்கில் கூட்டிவந்து இறக்கிவிட்டு, வாசலுக்கு எதிரே, "இந்தக் கூரையில் என்னைக் கேட்காமல் எடுத்த பணம் இருக்கிறது" என்ற அட்டையோடு நின்றாள். உள்ளே போனவர்கள் எல்லாம் அவளுக்கு வணக்கம் சொல்லிவிட்டே போனார்கள். சிறிது நேரத்தில் வெண்டல் ஒரு கோப்பைக் காபியோடு தடவித் தடவி வந்தார்.

"யார் காசு?" என்றாள்.

"என் காசு. கல்லாவுல போட்டுட்டுத்தான் வாங்கினேன்."

"அப்ப இது வியாபாரம்" என்று வாங்கிக் குடித்தாள். நல்ல காபிதான். கோப்பையைக் காலியாகத் திருப்பிக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு தினமும் அப்படியே நடந்தது. ஊருக்குச் சொந்தமான கடைக்குள் அவள் கால் வைப்பதில்லை. வெண்டல் உள்ளே போவார், அவளுக்கு ஒரு கோப்பை வெளியே வரும், அவள் பட்டறைக்குப் போவாள். அடுப்பு ஓரத்தில் பேஸ்பால் சண்டை மறுபடி தொடங்கியிருந்தது. சில நாள் அந்தச் சத்தம் சாலைவரை கேட்கும். அப்படிப்பட்ட நாளில் அவள் டிரக்கைக் கிளப்பாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாள்.

நாலு வருஷம் கழித்து, ஓர் அக்டோபர் காலையில், ரம்பச் சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தபோது அவள் போனுக்குச் செய்தி வந்தது. கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு படித்தாள்.

"நோரீன், நான் டெஸ்ஸா. இப்பதான் கையெழுத்தாச்சு. கடையை ஊர்கிட்டேருந்து நானே வாங்கிட்டேன். உங்க வரிப்பணம் முழுசும் திரும்ப வந்தாச்சு. ஹாலிஸ் உங்களுக்காக நாற்காலி பிடிச்சு வச்சிருக்காரு. வெண்டல் வாசலையே பாத்துட்டிருக்காரு. சீக்கிரம் வாங்க. காபிக்குக் காசு வாங்குவேன்."