பாஸ்கல் வாசித்த கவட்டைக் கித்தார்

பாஸ்கலைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எல்லோரும் அந்தக் கித்தாரில்தான் ஆரம்பிப்பார்கள். நானும் அதிலேயே ஆரம்பிக்கிறேன், வேறு வழியில்லை. ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் கித்தார் பார்ப்பதற்கு அழகு, வாசிப்பதற்குத் தொல்லை. பார்த்தவர்கள் ஆயிரம் பேர், வாசித்தவன் ஒருத்தன். அதனால் ஊரில் அதற்கு நல்ல பெயர்தான்.

பாஸ்கல் வில்லியனூர் தேரடிப் பக்கம் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தான். பகலில் பஞ்சர் ஒட்டுவான், சக்கரத்துக்குக் கோட்டம் எடுப்பான். கச்சேரி இருக்கிற நாளில் நாகராஜன் மாஸ்டரின் இன்னிசைக் குழுவில் பேஸ் கித்தார் வாசிப்பான். பேஸ் கித்தாருக்கு நான்கே கம்பி. பாட்டுக்கு அடியில் தும் தும் என்று போய்க்கொண்டிருக்கும். இருக்கிறவரை யாரும் கவனிக்க மாட்டார்கள், நின்றுவிட்டால் பாட்டு வெளுத்துவிடும். அந்தக் குழுவில் நான் அறிவிப்பாளன், பெயர் சாமிநாதன். செல்லிப்பட்டில் கரும்பு போடுகிறவன்தான். ஆனாலும் கையில் மைக்கைக் கொடுத்தால் எனக்குத் தமிழ் தானாகவே வரும். அதனால் வந்த வினைதான் பாதிக் கதை.

பாஸ்கலுக்கு ஐந்து வயதில் காய்ச்சல் வந்து வலது கால் சூம்பிப் போயிருந்தது. இடது காலைவிட இரண்டு விரற்கடை குட்டை. செருப்புக்கு அடியில் சைக்கிள் டயரை வெட்டித் தைத்து அதைச் சரிக்கட்டியிருப்பான். மேலே தொளதொளவென்று பேண்ட். அணைக்கட்டில் நாங்கள் எல்லோரும் குளிக்கும்போது அவன் மட்டும் கரையில் உட்கார்ந்து சட்டைகளுக்குக் காவல் இருப்பான். மேடையில் டிரம்ஸுக்குப் பின்னால் இரும்பு நாற்காலி போட்டு உட்கார்ந்து வாசிப்பான். அவன் காலைப் பற்றி அவன் பேசியதில்லை, நாங்களும் பேசியதில்லை. நாங்கள் அதை நாகரிகம் என்று நினைத்திருந்தோம்.

எண்பதாம் வருஷம் அவனுடைய சித்தப்பா மகன் தாமஸ் விடுப்பில் வந்தான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவன். வரும்போது பாஸ்கலுக்கென்று ஒரு நீளப் பெட்டி கொண்டுவந்தான். திறந்தால் ரத்தச் சிவப்பில் ஒரு பேஸ் கித்தார். சாதாரணக் கித்தாருக்கு இருக்கிற வயிறு அதற்கு இல்லை. கழுத்து வந்து முடிகிற இடத்திலிருந்து உடம்பு இரண்டாகப் பிரிந்து இரண்டு கொம்பாகப் போனது. உண்டிவில் செய்ய வெட்டின கவட்டை மாதிரி இருந்தது. கடைக்கு வந்து பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

“இதுல எதுபா மேல, எது கீழ?”

மாஸ்டர் வீட்டில் அதன் ஒயரை ஒலிபெருக்கிப் பெட்டியில் சொருகி, தடித்த கம்பியை ஒரு தட்டுத் தட்டினான் பாஸ்கல். சுவர் அலமாரியில் இருந்த டம்ளர்கள் அதிர்ந்தன. அவன் பழைய கித்தார் பலகையைத் தட்டுகிற மாதிரி கேட்கும். இதில் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக, முழுசாக வந்தது. அவன் கண் கலங்கிவிட்டது.

“இவ்ளோ நாளா நான் வாசிச்சது எனக்கே கேக்கல மாஸ்டர்,” என்றான்.

அந்த நிமிஷத்திலேயே அவன் அதற்கு அடிமை. அதன் பிறகுதான் அதை மடியில் வைத்துப் பார்த்தான்.

எல்லோரும் வைப்பது போல வலது தொடையில் வைத்தான். வைக்க அங்கே இடமே இல்லை, கவட்டைதான் இருந்தது. அவன் வலது தொடையும் மெலிந்து சரிந்த தொடை. கித்தார் மெதுவாக வழுக்கிக்கொண்டு போய்த் தரையில் கொம்பை ஊன்றியது. சரியென்று எழுந்து நின்று வாரைத் தோளில் மாட்டினான். மாட்டிக் கையை எடுத்ததும் கழுத்து தரையைப் பார்த்துக் கவிழ்ந்தது. உடம்பில் பாதியை வெட்டி எடுத்துவிட்டதால் பின்பக்கம் லேசு. தலையில் நான்கு இரும்புத் திருகு இருப்பதால் முன்பக்கம் கனம். கம்பியை அழுத்த வேண்டிய இடது கை, கழுத்தைத் தூக்கிப் பிடிக்கவே சரியாகப் போயிற்று.

மாஸ்டர் இதையெல்லாம் பார்க்கவில்லை. அவர் அந்தச் சிவப்பைத்தான் பார்த்தார். மறுநாளே ஸ்டுடியோவுக்கு அழைத்துப் போய், பாஸ்கலை நிற்க வைத்துப் படம் எடுத்து நோட்டீஸ் அடித்துவிட்டார். அந்த நோட்டீஸைப் பார்த்துத்தான் வீராம்பட்டினத்தில் ஆடித் திருவிழாக் கச்சேரிக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். எட்டு வருஷமாக மாஸ்டர் கனவு கண்ட மேடை அது.

“நின்னுதான் வாசிக்கணும் பாஸ்கலு,” என்றார் மாஸ்டர். “உக்காந்தா மடியில மொறம் கெடக்கற மாதிரி இருக்கும், எவன் பாப்பான்? முடியலன்னா சொல்லிடு. டவுன்ல ஒரு பையன் கீறான், நல்லா நின்னு ஆடிகினே வாசிப்பான். கித்தார மட்டும் அவனாண்ட குடு.”

பாஸ்கல் ஒரு நிமிஷம் தன் செருப்பைப் பார்த்தான்.

“நிக்கறேன் மாஸ்டர்.”

நான் பக்கத்தில்தான் இருந்தேன். மணிக்கணக்கில் பேசுகிறவன், அப்போது வாயைத் திறக்கவில்லை.

அடுத்த மூன்று வாரம் அவன் கடையில் நடந்தது சைக்கிள் வேலை இல்லை. சைக்கிளைத் தூக்கி மாட்டுகிற கொக்கியில் கித்தாரைக் கயிற்றில் தொங்கவிட்டான். கயிற்றை ஒவ்வொரு விரலாக நகர்த்தி, எந்த இடத்தில் பிடித்தால் அது கிடையாக நிற்கிறது என்று பார்த்தான். நின்ற இடம் கழுத்தின் நடுவில். அங்கே வார் மாட்ட முடியாது, மாட்டினால் விரல் போக வழியில்லை. ஆகவே பின்பக்கம் கனம் சேர்க்க வேண்டும் என்று முடிவு செய்தான்.

சக்கரத்தின் அச்சுக்குள் போடுகிற இரும்புக் குண்டுகளைத் துணிப்பையில் கட்டி ஒரு கொம்பின் நுனியில் தொங்கவிட்டான். இருநூறு கிராமுக்குக் கழுத்து அசையவில்லை. நானூறுக்கு யோசித்தது. அறுநூறுக்குத்தான் நிமிர்ந்தது. பிறகு மொத்தத்தையும் பக்கத்து மளிகைக் கடைத் தராசில் வைத்தான். ஐந்து கிலோவுக்கு மேல் போயிற்று. கழுத்துக்கு நல்லது தோளுக்கு ஆகாது, தோளுக்கு ஆனால் கழுத்துக்கு ஆகாது. குண்டுகளை எடுப்பதும் போடுவதுமாகவே ஒரு வாரம் போனது. வார் உறுத்துகிறதென்று சைக்கிள் டியூபை வெட்டி மாட்டினான். அது ஒவ்வொரு தாளத்துக்கும் இழுபட்டு, கித்தார் இடுப்புக்கும் நெஞ்சுக்குமாக ஏறி இறங்கியது. கடைசியில் கட்டில் நாடாவை மடித்துத் தைத்து மாட்டியதும் தோள் கொஞ்சம் ஆறியது.

தோளைச் சரிசெய்யலாம், காலை என்ன செய்வது? செருப்புக்கு இன்னும் ஒரு டயர் வைத்தான். உயரம் சரியாயிற்று. உரம் வரவில்லை.

ஒரு நாள் என் சைக்கிள் பஞ்சராகி அவன் கடையில் கிடந்ததால் நானும் அங்கே இருந்தேன். அவன் மனைவி இன்பமேரி சாப்பாடு கொண்டுவந்தாள். அவள் சுற்றி வளைத்துப் பேசுகிறவள் இல்லை.

“அத்த ஏன் கட்டிகினு அழுவுற? பழைய கித்தாரு இன்னா உன்னக் கடிச்சுதா?”

“இதுலதான் சத்தம் வருது.”

“அப்ப நிக்க முடியாதுன்னு மாஸ்டருகிட்ட சொல்லு.”

பாஸ்கல் ஒரு சக்கரத்தை எடுத்துச் சுற்றிவிட்டு, அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தான். இன்பமேரி என்னைப் பார்த்தாள். நான் என் சைக்கிளைப் பார்த்தேன்.

வீராம்பட்டினத்தில் மணலில் பலகை போட்டு மேடை. வழக்கப்படி மேடை அம்மன் சந்நிதியைப் பார்த்தபடி இருந்தது. முதல் நான்கு பாட்டும் அம்மன் பாட்டு. பாஸ்கலை மாஸ்டர் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். கூட்டம் சிவப்புக் கித்தாரைப் பார்த்து விசிலடித்தது. முதல் பாட்டு நன்றாகப் போனது. இரண்டாவதில் அவன் உதட்டைக் கடித்துக்கொண்டான். மூன்றாவதில் அவன் பேண்ட்டின் வலது பக்கம் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது, காற்று இல்லாமலே.

நான்காவது பாட்டின் நடுவில் அந்தக் கால் மடங்கிவிட்டது. ஆனால் அவன் விழவில்லை. வலது முட்டி பலகையில் ஊன்றியது, இடது கால் முன்னால் பாதம் பதித்து நின்றது. அந்த இறக்கத்தில் கித்தாரின் கவட்டை வந்து அவன் இடது தொடைமேல் கச்சிதமாக உட்கார்ந்துகொண்டது. கழுத்து தானாகவே நிமிர்ந்தது. இரண்டு கையும் விடுதலை. ஒரு தாளம் கூட அவன் தவறவில்லை. வீடு முழுக்கத் தேடின சாவி சட்டைப்பையிலேயே இருந்ததைக் கண்டவன் போல அவன் முகம் இருந்தது.

அவன் கால் மடங்கியதைக் கூட்டம் கண்டுபிடித்துவிடப் போகிறதே என்று எனக்குப் பதறியது. பாட்டு முடிந்ததும் மைக்கைப் பிடித்தேன்.

“அன்னையின் சந்நிதியில் மண்டியிட்டு, தம் வேண்டுதலை இசையாலே நிறைவேற்றுகிறார் நமது பாஸ்கல்!”

அவ்வளவுதான். “தாயே!” என்று கூட்டம் எழுந்தது. ஒரு பெரியவர் மேடைக்கு ஓடிவந்து பாஸ்கல் கழுத்தில் மாலையைப் போட்டு, நெற்றி நிறையக் குங்குமம் வைத்தார். அடுத்த பாட்டு தொடங்கிவிட்டதால் பாஸ்கலுக்கு இரண்டு கையிலும் வேலை. தடுக்க முடியவில்லை. கச்சேரி முடிகிறவரை எழுந்திருக்கவும் முடியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையே அவன் மாதா கோயில் பங்கின் உபதேசியார் பவுல்ராஜ் கடைக்கு வந்துவிட்டார். அங்கே ஜெபம் சொல்லிக்கொடுக்கிறவர், கோபத்தைக் காட்டாமல் கேட்கிறவர்.

“அம்மனுக்கு முட்டி போட்டியாமே பாஸ்கலு?”

கால் மடங்கிவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். பாஸ்கல் சொல்லவில்லை.

“கித்தாருக்குப் போட்டேன்.”

உபதேசியார் அதைக் கொஞ்ச நேரம் யோசித்தார்.

“கித்தாருக்கும் போடக் கூடாது,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாஸ்டருக்கோ கச்சேரிமேல் கச்சேரி. முட்டி போட்டு வாசிக்கிறவர் வருவாரா என்றுதான் எல்லா ஊரிலும் கேட்டார்கள். டவுன் பையனைப் பற்றிய பேச்சே போயிற்று. பாஸ்கலின் இடம் உறுதியாகிவிட்டது, இரண்டடிப் பலகையில் ஒரு முட்டியின் மேல். மாதாமாதம் இரண்டு மூன்று மேடை. ஒவ்வொன்றிலும் முழுக் கச்சேரிக்கும் மண்டி. சதையில்லாத கால், எலும்புதான் பலகையில் அழுந்தும். முட்டி தேங்காய் மூடி போல வீங்கியது. இன்பமேரி தவிட்டு ஒத்தடம் கொடுத்தாள். நான் கடைக்குப் போகும்போதெல்லாம் தண்ணீர் வேண்டுமா என்று கேட்பவள், இப்போது கேட்பதில்லை.

என் பங்குக்கு நான் வேண்டுதலை வளர்த்துக்கொண்டிருந்தேன். என்ன வேண்டுதல் என்று ஜனங்கள் கேட்டார்கள், சொல்ல வேண்டியிருந்தது. கடலுக்குப் போய்க் காணாமல் போன தம்பி திரும்பி வந்ததற்கான நேர்த்திக்கடன் என்று ஒரு மேடையில் சொன்னேன். நன்றாக எடுபட்டது, பெண்கள் அழுதார்கள். பாஸ்கலுக்குத் தம்பியே கிடையாது. அவன் குடும்பத்தில் யாரும் கடலில் இறங்கியதும் கிடையாது. இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. அப்போது இல்லை.

எண்பத்திரண்டில், அறுப்பு முடிந்து பாகூரில் கச்சேரி. பாஸ்கல் மேடை ஏறும்போது ஒரு கையில் இரும்பு நாற்காலி, இன்னொரு கையில் ஒரு செங்கல். நாற்காலியை முன்வரிசையில் விரித்துப் போட்டான். செங்கல்லை அதன் முன்னால் இடது பக்கமாக வைத்தான்.

“இன்னாபா இது?” என்றார் மாஸ்டர்.

கீழேயிருந்து “முட்டி போடு! முட்டி போடு!” என்று சத்தம் வந்தது. நிலைமையைச் சமாளிக்கலாம் என்று நான் மைக்கை எடுத்தேன்.

“கடலன்னை விழுங்கிய தம்பியைக் கண்ணீரால் மீட்ட…”

பாஸ்கல் வந்து என் கையிலிருந்து மைக்கை வாங்கிக்கொண்டான். அத்தனை வருஷத்தில் அவன் மைக்கில் பேசி யாரும் கேட்டதில்லை.

“எனக்குத் தம்பி இல்லீங்க,” என்றான். “வேண்டுதலும் இல்ல. சின்ன வயசுல சொரம் வந்து இந்தக் காலு சூம்பிப் போச்சு. அன்னிக்கு நிக்க முடியாம மடங்கிட்டேன். மடங்கன எடத்துல கித்தாரு நல்லா ஒக்காந்துது, அவ்ளோதான். முட்டி போட்டா வலிக்குது. இனிமே ஒக்காந்துதான் வாசிப்பேன். வாணாம்னா மாஸ்டரு வேற ஆளப் பாத்துக்கட்டும். கித்தாரு என்னுது, நான் எடுத்துகினு போயிடறேன்.”

மைக்கைத் திருப்பி என் கையில் கொடுத்தான். எனக்குத் தானாக வருகிற தமிழ் வரவில்லை.

பாஸ்கல் உட்கார்ந்தான். இடது பாதத்தைச் செங்கல்மேல் வைத்தான். தொடை உயர்ந்தது, கவட்டை அதன்மேல் உட்கார்ந்தது, கழுத்து நிமிர்ந்தது. குண்டுப்பை இல்லை, தோளில் நாடாகூட இல்லை. மாஸ்டர் கூட்டத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார். பிறகு டிரம்ஸுக்குக் கையைத் தூக்கிக் காட்டினார். பாட்டு தொடங்கியது. முன்வரிசையில் ஒரு ஆள் மட்டும் எழுந்து போனான், அவனும் வெற்றிலை போட்டுக்கொண்டு திரும்பி வந்துவிட்டான். பாஸ்கல் அன்று வாசித்தது போல முன்னால் வாசித்ததில்லை. நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றேன்.

கச்சேரி முடிந்து மாஸ்டரும் நானும் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தோம்.

“அவன் காலு இப்பிடின்னு உனக்குத் தெரியுமா சாமிநாதா?”

“மொதல்லேருந்தே தெரியும் மாஸ்டர்.”

“எனக்குந்தான்,” என்றார். “கேட்டா சங்கடப்படுவானேன்னு வுட்டுட்டேன்.”

எங்களுக்குப் பின்னால் பாஸ்கல் கித்தாரைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தான். அவன் அங்கே இருப்பதை நாங்கள் கவனிக்கவில்லை. பெட்டியை மூடிவிட்டு நிமிர்ந்தான்.

“உங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சிகினுதான் மாஸ்டர், நான் அன்னிக்கு நின்னேன்.”

மாஸ்டர் ஒயரைக் கீழே வைத்தார். நான் குனிந்து செங்கல்லை எடுத்துக்கொண்டு போய் வேனில் வைத்தேன்.