பேனல் மேல் காய்ந்த பீடி: பாகாயத்திலிருந்து பேரணாம்பட்டுக்கு ஒரு நாள்

சோலார் லைட்டு வாங்குவது பற்றி விசாரிக்கப் போவதாக லீவு லெட்டரில் எழுதினேன். மகளைப் பார்த்து நாலு மாதமாகிறது என்று எழுதினால் லீவு கிடைக்குமா? இது 2009 பிப்ரவரியில், ஒரு வியாழக்கிழமை.

என் மகள் பியூலா நர்ஸ் வேலையை விட்டுவிட்டு, பேங்க் கடனில் வீடுகளுக்கு சோலார் லைட்டு மாட்டித் தரும் ஒரு கம்பெனியில் சேர்ந்து பேரணாம்பட்டுக்குப் போய்விட்டாள். "இவ்ளோ படிச்சிட்டு பல்பு விக்கப் போறியா?" என்று கேட்ட புத்திசாலி நான்தான். பத்தாவதில் இரண்டு முறை உட்கார்ந்தவனுக்கு அந்தக் கேள்வி தேவையா என்று மனைவி அப்போதே கேட்டாள். அதற்கப்புறம் மகள் போன் செய்தால் "சாப்டீங்களா" என்பதோடு சரி.

எங்கள் பாகாயத்திலிருந்து வேலூருக்குக் காலை 6.10 டவுன் பஸ், மூன்று ரூபாய். வேலூரிலிருந்து ஆம்பூர் ஐம்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம், பதினெட்டு ரூபாய். ஊர் வருவதற்கு முன்பே தோல் வாசம் வந்து இறங்கத் தயாராகச் சொல்லிவிடும். காலை எட்டு மணிக்கு பிரியாணி தேடி அலைந்துவிட்டு, ஆறு ரூபாய்க்கு டீயும் பன்னும் சாப்பிட்டேன். அங்கிருந்து பேரணாம்பட்டு இருபது கிலோமீட்டர், எட்டு ரூபாய். பிறகு மலையடிவாரத்துக்கு ஷேர் ஆட்டோ, நாலு கிலோமீட்டர், ஐந்து ரூபாய்.

"இன்னா சார், லைட்டு பொண்ணப் பாக்கவா?" என்றார் ஆட்டோக்காரர்.

"அதோட அப்பன்."

"பொண்ணு தங்கம் சார். லைட்டுதான் பேஜாரு. அரை மணி நேரத்துல அணைஞ்சிடுது."

அந்த ஊரில் வீட்டுக்கு வீடு பீடி சுற்றுகிறார்கள். கரண்டு போனால் மண்ணெண்ணெய் விளக்கு. மண்ணெண்ணெய்க்குப் போகிற காசையே லைட்டுக்குத் தவணையாகக் கட்டலாம் என்பதுதான் திட்டம். முதலில் ஆறு வீடு; அது சரியாக ஓடினால் பேங்க் இன்னும் அறுபது வீட்டுக்குக் கடன் தரும்.

பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். பீடி சுற்றும் சரசாவின் வீட்டு வாசலில் பியூலா நின்றிருந்தாள். இளைத்திருந்தாள்.

"பேட்டரி மாத்திட்டேன், ஒயர் மாத்திட்டேன்ப்பா. இன்னான்னே தெரியல. பன்னெண்டு மணிக்கு பேங்க் மேனேஜர் வர்றாரு. அவர் முடியாதுன்னா இங்க ஆபீசை மூடிடுவாங்க."

"மூடினா?"

"பாகாயம்தான் வரணும்."

மேனேஜரை அழைத்துவரக் கிளம்பிவிட்டாள். அந்த "வரணும்" எனக்கு மட்டும் இனித்தது.

சரசா டீ கொடுத்துவிட்டு, ஒரு முறம் நிறைய பீடியோடு ஸ்டூல் மேல் ஏறினாள். தாழ்ந்த கூரைமேல் சாய்ந்திருந்த சோலார் பேனலில் முறத்தை வைத்தாள். அடுத்து இன்னொன்று. பேனல் மறைந்தே போனது.

"அதும்மேல எதுக்கும்மா?"

"சூடு ஜாஸ்திண்ணா, சீக்கிரம் காயுது. கோழியும் ஏறாது. எல்லா வூட்லயும் இப்டித்தான்."

"பியூலா ஒண்ணும் சொல்லலையா?"

"அது அஞ்சு மணிக்குத்தானே வரும். நாங்க மூணுக்கே எடுத்து பீடிக் கம்பெனில கொண்டுபோய் போட்டுடுவோம். இன்னைக்கு மேனேஜர் வர்றாராம், அதுக்குள்ள எடுத்துட்டுப் பெருக்கணும்."

டீ ஆறிப்போனது. பாகாயத்தில் மகளின் கட்டிலில் பழைய பேப்பரும் குடையும் கிடக்கின்றன. நான் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். கட்டிலை எப்போது ஒழிப்பது என்றுகூட யோசித்துவிட்டேன்.

மேனேஜர் வந்தபோது கூரை சுத்தமாக இருந்தது. "ஆறு வூட்லயும் இதே கதைன்னா, அறுபதுக்கு நான் எப்படிம்மா எழுதறது?" என்றார். பியூலா, சின்ன வயதில் ஊசிக்குக் கை நீட்டும்போது வைத்துக்கொள்ளும் முகத்தை வைத்துக்கொண்டாள்.

"சார், பேனல் மேல பீடி காயுது சார்" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், நான் குடித்தது டீதானா என்ற சந்தேகம் இருந்தது.

பியூலா ஸ்டூல் மேல் ஏறி விரலால் கண்ணாடியைத் தேய்த்தாள். புகையிலைத் தூள் ஒட்டியது. "அக்கா..." என்றாள்.

"வெக்கக் கூடாதுன்னு நீ சொல்லவே இல்லியே பாப்பா."

"வெப்பீங்கன்னு எனக்குத் தெரியாதேக்கா."

சிரித்துவிட்டாள். நாலு மாதமாக நான் கேட்காத சிரிப்பு. "எப்டிப்பா கண்டுபுடிச்சீங்க?"

"பத்தாவது ரெண்டு தடவை படிச்சவன்ல."

மேனேஜர் ஒரு வாரம் தள்ளிப்போட்டார். அடுத்த வியாழன் பியூலா போன் செய்தாள். ஆறு வீட்டிலும் நாலு மணி நேரம் எரிகிறதாம், அறுபது வீட்டுக்கும் கடன் வந்துவிட்டதாம். "இனிமே ஞாயித்துக்கெழம கூட வேலப்பா" என்றாள். சந்தோஷம் என்று சொன்னேன். அது பொய்யில்லை, ஆனால் கட்டில் அப்படியே கிடக்கிறது.

போகிறவர்களுக்கு: சில்லறையும் தண்ணீர் பாட்டிலும் எடுத்துப் போங்கள், அந்தப் பக்கம் தண்ணீர் உப்பு. லைட்டு வாங்கினால், பேனல் மேல் வடகம் உள்பட எதையும் காயவைக்காதீர்கள். பேரணாம்பட்டிலிருந்து வேலூருக்கு நேர் பஸ் சாயங்காலம் 5.40க்கு; அதை விட்டால் இரண்டு பஸ் மாற வேண்டும். அதனால் இதுவரை மூன்று முறை போயும், என் மகள் மாட்டிய லைட்டு எரிந்து நான் பார்த்ததில்லை.

அடுத்த முறை 5.40ஐ விட்டுவிடலாம் என்றிருக்கிறேன். லீவு லெட்டரில் இந்தத் தடவை உள்ளதையே எழுத வேண்டும்.